நடு வட்டத்து முனி

அரிசி மூட்டை அடுக்கிய மாட்டு வண்டியை, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வட்டம் சுற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் சொல்கிறேன், கேளுங்கள். ரங்கூனில் வண்டி ரோட்டுக்கு இடது பக்கமாகத்தான் போக வேண்டும். வட்டம் வந்ததும் இடது கைப்பக்கம் ஒடிக்க வேண்டும். நடுவில் இருக்கிற மண் திட்டை வலது கைப்பக்கம் விட்டு, வளைந்துகொண்டே போய், தன் ரோடு வந்ததும் மறுபடி இடது பக்கம் ஒடித்து வெளியே வர வேண்டும். இதில் இடத்து மாட்டுக்கு நடை அதிகம். வலத்து மாடு நின்ற இடத்திலேயே திரும்புகிற மாதிரித் திரும்பும். இடத்து மாடு நாக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே சுற்றும். மூட்டை ஒரு பக்கம் சாயும். சாய்ந்தது நிமிர்வதற்குள் அடுத்த வட்டம் வந்துவிடும்.

ரங்கூனில் பசுந்தாங் என்கிற பேட்டையில், ஓடைக்கரை அரிசி ஆலைகளிலிருந்து டிராம் ரோட்டுக்குப் போகிற பாதையில் அப்படி மூன்று வட்டங்களைப் போட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் மழை விட்ட கையோடு போட்டார்கள். ஆலை வாசலில் ஒன்று, அது ஆலை வட்டம். டிராம் தண்டவாளம் குறுக்கே போகிற இடத்தில் ஒன்று, அது டிராம் வட்டம். இரண்டுக்கும் நடுவில், சந்தை முக்கில் ஒன்று. அதுதான் நடு வட்டம். ஒன்றில் நின்று கத்தினால் அடுத்ததில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அவ்வளவுதான் இடைவெளி.

பொய் சொல்லக்கூடாது, வட்டம் நல்லதாகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் அந்த முக்குகளில் குடையும் கையுமாக ஒரு போலீஸ்காரன் நிற்பான். அவன் வெற்றிலை போடத் திரும்புகிற நேரம் பார்த்து மோட்டாரும் லான்ச்சாவும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். லான்ச்சா என்றால் ஆள் இழுக்கிற ரிக்‌ஷா. இங்கே அப்படித்தான் சொல்வோம். வட்டம் வந்தபிறகு எவனும் வேகமாக வர முடியவில்லை. வேகமாக வந்தால் திட்டில் ஏறிக் குடை சாய வேண்டியதுதான். இடித்தாலும் உரசிக்கொண்டு போகிற இடியாக இருந்தது. மண்டை உடைகிற இடி நின்றுபோனது.

அந்த நடு வட்டத்துக்கு எதிரில், தகரம் போட்ட கொட்டகையில் நீலாம்பாள் கஞ்சிக்கடை வைத்திருந்தாள். காலையில் கஞ்சியும் துவையலும். மத்தியானம் சோறு, கருவாட்டுக் குழம்பு, ஏதாவது ஒரு கீரை. ஆலைக் கூலிகளும் வண்டிக்காரர்களும் அவளிடம்தான் சாப்பிட்டார்கள். புருஷன் கருப்பையாவுக்கு ஒரு பாரவண்டி, ஒரு ஜோடி மாடு. வலத்தில் மயிலை, இடத்தில் செவலை. அவளுடைய தம்பி செல்லக்கண்ணு ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாமன் மச்சான் இரண்டு பேரும் மாறி மாறி வண்டி ஓட்டினார்கள். ஆலையிலிருந்து அரிசி, துறைமுகத்துக்கு. திரும்பும்போது வெறும் வண்டி.

மறு வருஷம் ஆனி மாதத்து மழையில் ஒருநாள் கருப்பையாவின் வண்டி நடு வட்டத்தில் திட்டின்மேல் ஏறிக் கவிழ்ந்தது. மூட்டைகள் சரிந்து அவன்மேல் விழுந்தன. செத்தான் என்றுதான் எல்லோரும் ஓடினார்கள். மூட்டைகளைப் புரட்டினால், சக்கரத்துக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒரு பொந்து. அந்தப் பொந்துக்குள் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தான் கருப்பையா. அவன் முதலில் சொன்ன வார்த்தை இது:

"முனிடா. நடுவுல நின்னு கையக் காட்டுச்சு. பனை ஒசரம்."

நீலாம்பாள் கொட்டகையிலிருந்து முழுவதையும் பார்த்தவள். வண்டி வட்டத்துக்கு வந்தபோது கருப்பையாவின் தலை நெஞ்சில் தொங்கியது. தூங்கிக்கொண்டு வந்தான். மாடுகள் ஒடிக்க ஆளில்லாமல் நேராக நடந்தன. முனியும் இல்லை, பனையும் இல்லை. ஆனால் பிழைத்து வந்த புருஷனை நாலு பேர் முன்னால் தூங்குமூஞ்சி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் கருப்பையா திட்டில் மூன்று செங்கல்லை நட்டு மஞ்சள் பூசினான். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை சேவல் அறுத்தான். வண்டிக்காரர்கள் அந்தப் பக்கம் வரும்போது மாட்டை நிறுத்தாமலே கும்பிட்டார்கள். பிறகு ஒருத்தன் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினான். வேறொருத்தன், கோயில் என்றால் மூன்று சுற்றுத்தானே, ஒன்று என்ன கணக்கு என்று கேட்டான். அன்றிலிருந்து மூன்று.

"வெள்ளக்காரனே சட்டம் போட்டு வச்சிருக்கான்ல, சாமிய வலமாத்தான் சுத்தணும்னு" என்றான் கருப்பையா, கொட்டகை வாசலில் உட்கார்ந்து. நெற்றியில் பட்டை, கழுத்தில் எங்கேயோ வாங்கின ஒரு கொட்டை மாலை. "எடமாச் சுத்துனா போலீசு புடிக்கிறான். எதுக்குப் புடிக்கிறான்? அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. வாயத் தொறந்து சொல்ல மாட்டான்."

பக்கத்துக் கடை அப்துல் சமது சிரித்தார். தொண்டிக்காரர், கயிறு, லாந்தர், சாக்கு ஊசி, சட்டி வியாபாரம். "அப்ப டிராம் வட்டத்துல யாரு கருப்பையா? ஆலை வட்டத்துல யாரு? அங்கயும் வலமாத்தான சுத்துறோம்."

"சிரிங்க பாய். அங்கயும் வருவாரு."

"வரட்டும். எல்லாரும் வந்துட்டா வண்டி போறதுக்கு ஆத்துல எறங்க வேண்டியதுதான்."

"ஏங்க" என்றாள் நீலாம்பாள், கரண்டியைக் குழம்பில் விட்டபடி. "இன்னைக்கும் தம்பி ஒத்தையாத்தான் ஓட்டுறானா?"

"சாமிகிட்ட ஆளு வேணாமா, புள்ள? விட்டுட்டு வர முடியுமா?"

"மூணு செங்கல்லு. எங்க ஓடிரப் போவுது?"

கருப்பையா திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். வண்டி ஓட்டியபோது அவனை 'ஏய் கருப்பையா' என்று கூப்பிட்ட ஆட்கள் இப்போது 'சாமி' என்றார்கள். அந்த வார்த்தை அவனுக்குச் சாராயத்தைவிட ஏறியிருந்தது.

ஆவணி வரைக்கும் நீலாம்பாள் இதை அருவருப்போடு பார்த்துக்கொண்டிருந்தாள். உடைத்த தேங்காய் ஓடெல்லாம் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு புழு நெளிந்தது. அழுகின வாழைப்பழத்தில் ஈ மொய்த்து, அந்த ஈ அப்படியே எழும்பி அவளுடைய சோற்றுப் பானைக்கு வந்தது. கோழி இறகு சேற்றில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வேண்டுதல் முடிந்த ஆட்கள் அங்கேயே குடித்து, அங்கேயே துப்பி, அவள் கொட்டகைக்குப் பின்னால் வந்து ஒதுங்கினார்கள். சந்தையில் ங்காப்பி என்கிற மீன் விழுது விற்கிற மா டின் என்ற பர்மாக்காரி, மீன் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அவளே மூக்கைப் பிடித்துக்கொண்டு நீலாம்பாளிடம் தமிழில் சொன்னாள்: "உன் வூட்டுக்காரன் நாத்து ரொம்ப பெருசு." நாத்து என்றால் பர்மாக்காரர்கள் கும்பிடுகிற காவல் ஆவி.

நாற்றத்தையாவது கழுவிவிடலாம். வண்டிகளை என்ன செய்வது?

ஒரு சுற்றில் போகவேண்டிய வண்டி மூன்று சுற்றுச் சுற்றினால் என்ன ஆகும்? வட்டத்துக்குள் இருக்கிறவன் வெளியே வர மாட்டான். வெளியே இருக்கிறவன் உள்ளே போக இடமில்லை. அவன் பின்னால் ஒரு வண்டி, அதன் பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் பத்து லான்ச்சா. அந்த வால் நீண்டு நீண்டு டிராம் வட்டத்துக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அங்கே டிராம் மணியடித்துக்கொண்டு நிற்கும். டிராம் வட்டம் அடைத்தால், நடு வட்டத்திலிருந்து அந்தப் பக்கம் போக நினைப்பவனும் நிற்க வேண்டியதுதான். இவன் போகாததால் அவன் போகவில்லை, அவன் போகாததால் இவன் போகவில்லை. வெயிலில் மாடு நுரை தள்ளும்.

ஆலை வட்டத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. நடு வட்டத்தில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டவன், வெளியே வந்ததும் வெறி பிடித்தவன்போல் விரட்டுவான். முன்னால் ரோடு காலியாகக் கிடக்கும். அந்தக் காலி ரோட்டில் ஆலைப் பெண்கள் உமிக்கூடை சுமந்துகொண்டு குறுக்கே போவார்கள். ஆவணி மாதத்தில் ஒரு மோட்டார் மா டின்னின் கூடையைத் தட்டிவிட்டது. அவள் ஒதுங்கிவிட்டாள், கை மட்டும் உரிந்தது. ரோடெல்லாம் ங்காப்பி. அதற்கு அடுத்த வாரம் ஒரு லான்ச்சாக்காரனின் விலா ஒடிந்தது.

வண்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? ஆலை வட்டத்தில் காவலுக்கு ஆள் இல்லை, அதனால்தான் இடிக்கிறது. நடு வட்டத்து முனி கோபமாக இருக்கிறார், சேவல் பத்தவில்லை. ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை கிடா வெட்டி, ஆலை வட்டத்துக்கும் ஒரு கல் எடுத்துக்கொண்டு போய் நடவேண்டும்.

நீலாம்பாள் மறுநாளே ஓவர்சியரைப் பார்க்கப் போனாள். முனிசிபாலிட்டியில் ரோடு வேலை பார்க்கிற சுப்பிரமணியம், தஞ்சாவூர்ப் பக்கம். வட்டம் போட்டபோது வெள்ளையடிக்கிற ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, அவள் கடையில் மோர் வாங்கிக் குடித்தவர்தான்.

"ஐயா, அந்தக் கல்ல எடுத்துருங்கய்யா. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார், வேறு யாராவது கேட்கிறார்களா என்று. "யாரு வச்ச கல்லும்மா அது?"

"என் வீட்டுக்காரரு வச்சதுங்க."

"அட! உன் புருஷன் வச்சத நான் எடுக்கணுமா? நல்லா இருக்கே."

"நான் எடுத்தா வண்டிக்காரனுக என்னைய உசுரோட விட மாட்டானுக."

"என்னைய மட்டும் விடுவானா?" கையில் இருந்த பென்சிலால் காதைக் குடைந்தார். "கோயில் விஷயம்மா. தொட்டா கலகம்பான். தொரை எங்கிட்ட கேப்பான், ஏன்யா உங்காளுக கோயில நீயே இடிச்சேன்னு. மேல எழுதிப் போட்ருக்கேன். அவங்க வட்டத்த இன்னும் பெருசாக்கலாமான்னு யோசிக்கிறாங்க."

"பெருசாக்குனா இன்னும் நெறைய வண்டி சுத்துமேய்யா!"

"அதெல்லாம் எஞ்சினீரு பாப்பாரு. நீ போயி வா."

அவள் திரும்பி நடந்தபோது வெற்றிலைச் சாறு தெறித்த அந்த ஆபீஸ் சுவரைப் பார்த்தாள். இந்தச் சுவரும் அந்தத் திட்டும் ஒரே சாதி என்று தோன்றியது. எச்சிலைத் துப்பிவிட்டு அவள் ரோட்டில் இறங்கினாள்.

அப்துல் சமதிடம் சொன்னபோது அவர் லாந்தர்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே, தங்கச்சி?"

"சொல்லுங்க பாய். எல்லாத்துக்கும் சேத்து ஒரே கோவந்தான்."

"ஓம் புருஷன் கெட்டவனில்ல. இந்தச் சீமையில அவன எவனும் மனுசனா மதிச்சதில்ல. ஆலைக்காரன் ஏய்ங்கிறான், பர்மாக்காரன் வந்தேறிப் பயன்னு கலாங்கிறான். இப்பத்தான் பத்துப் பேரு கும்புடுறான். அவன்கிட்டப் போயி அத விடுன்னா விடுவானா?"

"அதுக்கு என் தம்பிதான் சாகணுமா?"

சமது கண்ணாடியைக் கீழே வைத்தார். அவருக்கும் தெரியும். ஒற்றை ஆளாக ஒரு நாளைக்கு மூன்று நடை அடிக்கிறான் செல்லக்கண்ணு. நடு வட்டத்தில் மூன்று சுற்றுச் சுற்றும்போது மூட்டை இடது பக்கம் சாயும். அவன் கீழே குதித்து, இடத்து மாட்டுக்குப் பக்கத்தில், மூட்டைக்குத் தோள் கொடுத்தபடி நடப்பான். வெளிப்பக்கம் மோட்டார் உரசிக்கொண்டு போகும். வண்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு ஆள் அகலம்கூட இருக்காது. அந்த இடுக்கில்தான் அவள் தம்பி தினமும் நடந்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நீலாம்பாள் கரண்டியைப் பிடித்தபடி மூச்சை நிறுத்திக்கொள்வாள்.

கிடா வெட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மூன்று பேரும் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கத்திரிக்காயும் நெத்திலிக் கருவாடும் போட்ட குழம்பு. செல்லக்கண்ணு பசியில் பேசாமல் தின்றான். அவனுடைய வலது தோள் கன்றிப்போய் இருந்தது.

"தம்பி, நாளைக்கி வண்டியப் பூட்டாத" என்றாள் நீலாம்பாள்.

"ஏன்க்கா?"

"கெடா வெட்டுன்னு அத்தன வண்டியும் அங்கதான் நிக்கும். ஒரு நாளு கெடந்து ஒறங்கு."

கருப்பையா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினான். "நல்லாருக்குடி. ஊரே சுத்தும்போது சாமி வீட்டு வண்டி சுத்தலேன்னா என்ன பேசுவானுக?"

"பேசட்டுமே. பேச்சு என்ன, லாரி மாதிரி மேல ஏறியா போகப் போகுது?"

"மாப்ள, நீ சொல்லுடா. மொத வண்டி நம்ம வண்டிதான். பூ சுத்தி வச்சிருக்கேன்."

செல்லக்கண்ணு விரலை நக்கினான். "மச்சான், செவலைக்கி முன்னங்காலு வீங்கியிருக்கு. மூணு சுத்துக்குத் தாங்காது. ஒரு சுத்து சுத்துறேனே?"

"ஒண்ணா? நீயே ஒண்ணுன்னா மத்தவன்?"

"மத்தவனும் ஒண்ணு சுத்தட்டும் மச்சான். எல்லாருக்கும் சொகம்." சொல்லிவிட்டுச் சிரித்தான். "முனிக்கும் தலை கிறுகிறுன்னுதான வரும், இத்தன பேரு சுத்துனா?"

நீலாம்பாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கருப்பையாவின் முகம் கறுத்தது. "வெளையாட்டா பேசாதடா. அதான் வண்டிக்கு வண்டி இடிக்கிது."

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "ஏய்யா, நெசத்தச் சொல்லு. அன்னைக்கி முனியப் பாத்தியா, தூங்குனியா? நா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தலை இங்கன தொங்குச்சு" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள்.

கருப்பையா இலையை மடித்தான். கோபப்படவில்லை. அவளைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னான்: "தூங்குனேன்டி. தூக்கத்துலதான் வந்துச்சு."

செல்லக்கண்ணு அக்காவையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி மச்சான். நாளைக்கி ஒரு நாளு மூணு சுத்து. அதோட சரி" என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தது. நடு வட்டத்தில் கிடா வெட்டினார்கள். ரத்தம் மழைத் தண்ணீரோடு கலந்து திட்டிலிருந்து இறங்கி, ரோட்டில் வழிந்து, மாட்டுக் குளம்பிலும் லாரிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு வட்டம் முழுக்கச் சுற்றி வந்தது. நீலாம்பாள் அன்றைக்குக் குழம்பே வைக்கவில்லை. அந்த வாடையில் யார் சோறு தின்பார்கள்?

பூச்சுற்றிய வண்டியில் அரிசி ஏற்றிக்கொண்டு செல்லக்கண்ணு வந்தான். முதல் சுற்று. இரண்டாம் சுற்று. அவன் பின்னால் வந்த வண்டிகளும் சுற்ற ஆரம்பித்தன. டிராம் வட்டத்துப் பக்கமிருந்து ஒரு லாரிக்காரன் ரொம்ப நேரமாக ஹாரன் அடித்துக்கொண்டு நின்றான். செவலை நொண்டியது, வண்டி ஒரு கணம் தயங்கியது, முன் வண்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சந்து விழுந்தது. லாரிக்காரன் அந்தச் சந்துக்குள் மூக்கை நுழைத்தான். செல்லக்கண்ணு அப்போதுதான் மூட்டைக்குத் தோள் கொடுக்கக் கீழே குதித்திருந்தான்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. சாக்கு கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு செல்லக்கண்ணு "அக்கா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான்.

லாரியின் மட்கார்டுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நடுவில் அவன் இடது கால் இருந்தது. ஆட்கள் லாரியைப் பின்னால் தள்ளி அவனை உருவினார்கள். முழங்காலுக்குக் கீழே எது எலும்பு எது மண் என்று தெரியவில்லை. நீலாம்பாள் தன் மாராப்பைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். சமது ஓடிப்போய், தன் கடை வாசலில் நின்ற அமீர் அலியின் குதிரை வண்டியை வட்டத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தார். தூக்கிப் படுக்கவைத்தார்கள்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கி. ஓட்டு, ஓட்டு!" என்று கத்தினார் சமது.

"எங்கிட்டு ஓட்டுறது?" என்றான் அமீர் அலி. சாட்டையால் சுற்றிலும் காட்டினான்.

வட்டம் கட்டிப் போட்டதுபோல நின்றது. உள்ளே இருக்கிற வண்டிகளில் சிலது இன்னும் ஒரு சுற்று பாக்கி என்று நின்றன. டிராம் வட்டத்துப் பக்கம் போக வேண்டிய வண்டிகள், அந்த வட்டம் அடைத்துக் கிடப்பதால் நகரவில்லை. அந்த வட்டம் அடைத்துக் கிடப்பது இங்கே நிற்கிற வாலால். டிராம் மணி விடாமல் அடித்தது.

கருப்பையா திருநீற்றுத் தட்டோடு ஓடி வந்தான். மச்சினன் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினான். "ஒண்ணும் ஆகாதுடா மாப்ள. முனி காவு கேட்டுட்டாரு. எடுத்துக்கிட்டாரு. இனிமே விட்டுருவாரு." பின்னால் நின்ற யாரோ, "ஆமா சாமி, ஆமா" என்றார்கள்.

நீலாம்பாள் வண்டிகளுக்கு நடுவே புகுந்து, ரத்தத்தில் வழுக்கி, திட்டின்மேல் ஏறினாள். கொண்டை அவிழ்ந்து முடி இடுப்பு வரை தொங்கியது. தம்பியின் ரத்தம் முழங்கை வரைக்கும். அவள் முதல் செங்கல்லைக் காலால் உதைத்தாள். அது ஆடியது. குனிந்து பிடுங்கிச் சேற்றில் வீசினாள். இரண்டாவதைப் பிடுங்கினாள். மூன்றாவது வரவில்லை, நகத்தால் மண்ணைப் பறித்துப் பிடுங்கினாள்.

அடிக்க வருவார்கள் என்று நினைத்து நிமிர்ந்தாள். யாரும் வரவில்லை. வண்டிக்காரர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஒரு கிழட்டு வண்டிக்காரன் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினான்.

"ஆத்தா எறங்கிட்டாடா" என்றான்.

அத்தனை பேரும் கையைக் கூப்பினார்கள். கருப்பையா ரோட்டிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

'நா ஆத்தா இல்லடா, நாய்களா' என்பதுதான் அவள் நாக்கில் வந்தது. சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். குதிரை வண்டிக்குள் தம்பியின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டதைப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் பேச்சு ஒருத்தன் காதிலும் ஏறியதில்லை. இப்போது அத்தனை காதும் அவள் வாய்க்குக் கீழே நின்றது.

அவள் தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள். ஊரில் சாமியாடுகிறவர்கள் ஆடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். "ஏய்ய்!" என்றாள். அந்தக் குரல் அவளுக்கே குமட்டியது.

"வெளிய நிக்கிறவன் அசையாத! ஒருத்தனும் உள்ள வராத!"

நின்றார்கள். உள்ளே மூக்கை நீட்டியிருந்த வண்டிகள் பின்வாங்கின.

"உள்ள இருக்கவன் ஆலைப் பக்கம் போறியா, சந்தைப் பக்கம் போறியா? ஓன் ரோடு வந்ததும் எறங்கிப் போ! சுத்தாத! திரும்பிப் பாக்காத! பாத்தா கண்ணு அவிஞ்சு போகும்!"

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கிழக்கே போகிறவன் கிழக்கே போனான். வட்டம் காலியாகக் காலியாக, டிராம் வட்டத்திலிருந்து நீண்டிருந்த வாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் உள்ளே விட்டாள், விட்டதை உடனே வெளியே விரட்டினாள். அங்கே டிராம் மணி நின்றது, டிராம் நகர்கிற சத்தம் கேட்டது. வால் உருவிக்கொண்டதும் மேற்கே ரோடு திறந்தது.

"அமீர் அலி! போ!"

குதிரை பாய்ந்தது. சமது வண்டிக்குள் செல்லக்கண்ணுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஏறிப் போக முடியவில்லை. அவள் இறங்கினால் வண்டிகள் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும் என்று பயமாக இருந்தது. குதிரை வண்டி டிராம் வட்டத்தைத் தாண்டி மறையும்வரைக்கும் திட்டின்மேல் நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு இறங்கி, கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். கருப்பையா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கொஞ்சம் தள்ளி நின்று, பயபக்தியோடு நீட்டினான்.

"ஏங்க, நாந்தான்" என்றாள் அவள். "நீலாம்பா."

"தெரியும் தாயி" என்றான் அவன்.

அவள் செம்பைத் தட்டிவிட்டாள். முகத்தை மழைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே அவளை உள்ளே விடவில்லை. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், காலையில் கஞ்சி கொண்டு வா என்றார்கள். ரத்தம் ரொம்பப் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கொண்டுவந்தே பிரயோசனமில்லை என்று ஒரு தமிழ்க் கம்பவுண்டர் சொன்னதாகச் சமது சொன்னார். வீட்டுக்குப் போகச் சொல்லி அவர்தான் அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை நீலாம்பாள் தூக்குச் சட்டியில் கஞ்சி ஊற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் வண்டிக்காரர்கள் தேங்காயும் எலுமிச்சம்பழமுமாக நின்றார்கள். கருப்பையா குளித்துப் பட்டை போட்டு, முண்டாமல் வரிசையாக நிற்கும்படி அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கப் படியில் இறங்கி, ஓடைக்கரை வழியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். செல்லக்கண்ணுவுக்கு உயிர் இருந்தது. இடது காலை முழங்காலோடு எடுத்திருந்தார்கள்.